ஈம் ஊருக்குச் செல்லும் சாலை

சமவெளியில் பிறந்தவன் மிதிவண்டியை ஒருவிதமாக அறிகிறான். மேட்டுநிலத்தில் பிறந்தவன் வேறுவிதமாக அறிகிறான். கோயில் கோபுரமும் தேவாலயத்தின் மணிக்கூண்டும் அன்றி வேறு உயரம் எதனையும் காணாத காவிரிப் படுகையில் வளர்ந்தவர்கள் நாங்கள். எங்களுக்குத் தெரிந்த எதிரி காற்று ஒன்றே. ஆடி மாதத்து எதிர்காற்றில் தலையைக் குனிந்துகொண்டு மிதித்துப் பள்ளி சென்று சேர்வதே பெரும் வீரம் என்று முப்பத்தோர் ஆண்டுகள் தமிழாசிரியனாக இருந்த நான் எண்ணியிருந்தேன். நிலமே எழுந்து நின்று வழிமறிக்கும் என்பதை அறுபத்தொன்றாம் வயதில், 2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், இங்கிலாந்தின் டார்பிஷயர் மாவட்டத்தில்தான் அறிந்தேன்.

அந்த நாட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் மிதிவண்டி வழியாக ஒரு பழைய உறவு உண்டு. என் தந்தையார் வைத்திருந்தது ராலே வண்டி. அதன் முகப்புத் தகட்டில் நாரையின் தலையும், 'நாட்டிங்காம், இங்கிலாந்து' என்னும் எழுத்துகளும் இருக்கும். ஆங்கிலம் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கிய நாளில் நான் படித்த முதல் அயல்நாட்டு ஊர்ப்பெயர் அதுவே. 1949இல் அம்பத்தூரில் டி.ஐ. தொழிற்சாலை தொடங்கப்பெற்றபின் நம் ஊர்த் தெருக்களை ஹெர்குலிஸ் வண்டிகள் நிறைத்தன. அதற்கும் தாய்வீடு இங்கிலாந்துதான். முன்சக்கரம் ஆளுயரமும் பின்சக்கரம் முழங்காலுயரமுமாக இருந்த பழைய வண்டிக்கு மாற்றாக, இரு சக்கரமும் ஏறத்தாழ ஒத்த அளவில் அமைந்து சங்கிலியால் ஓடும் 'ரோவர்' வண்டியை ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் 1885இல் கவன்ட்ரி நகரில் உருவாக்கினார். காற்றடைத்த டயரை டன்லப் 1888இல் அளித்தார். மூன்று வேகங்களில் மாற்றிக்கொள்ளத்தக்க பல்லிணையை ஸ்டர்மி-ஆர்ச்சர் நிறுவனம் 1902இல் அந்த நாட்டிங்காமிலேயே செய்து விற்றது. மேடு இருந்த நாட்டில் அன்றோ பல்லிணை பிறக்கும்! தஞ்சைத் தரணியில் அதற்கு என்ன வேலை? ராலேயின் நாட்டிங்காம் தொழிற்சாலை 2002இல் மூடப்பட்டுவிட்டது. டார்பி நகரிலிருந்து நாட்டிங்காம் இருபத்தைந்து கிலோமீட்டர்தான். ஆயினும் அங்கே செல்ல எனக்கு விருப்பம் எழவில்லை.

என்னை அங்கே வரவழைத்தவன் என் அக்காள் மகன். டார்பியில் ஒரு மருத்துவமனையில் செவிலியராகப் பணியாற்றுகிறான். 2020ஆம் ஆண்டின் கொள்ளைநோய்க் காலம் முழுவதும் தீவிரச் சிகிச்சைப் பிரிவில் இருந்தான். மறு ஆண்டு மே மாதத்தில் அவனுடைய தாய், என் அக்காள், எங்கள் ஊர்ப் பக்கத்து மருத்துவமனையில் அதே நோயால் இறந்தாள். ஏப்ரல் 23ஆம் நாள் முதல் பிரித்தானிய அரசு இந்தியாவைச் சிவப்புப் பட்டியலில் வைத்திருந்தது. வந்தாலும் திரும்புவது அரிது. திரும்பினாலும் பத்து நாள் விடுதியில் அடைந்து கிடக்க வேண்டும். அவனுடைய பிரிவிலோ ஆள் பற்றாக்குறை. அவன் வரவில்லை. அடக்கத்தைக் கைப்பேசியில் பார்க்க முயன்றான். பாதியில் தொடர்பு அறுந்தது. அதன்பின் தொலைபேசியில் நாங்கள் பேசியதெல்லாம் வானிலையும் சாப்பாடும்தான். மிதிவண்டி ஓட்டத் தொடங்கியிருக்கிறேன் என்று ஒருநாள் சொன்னான். மூன்று ஆண்டுகளுக்குப் பின், "மாமா, நீங்கள் வந்தால் மூன்று நாள் சேர்ந்து ஓட்டலாம்" என்றான். அவன் கேட்டது மிதிவண்டித் துணையை மட்டும் அன்று என்பது எனக்குப் புரிந்தே இருந்தது.

நாங்கள் சென்ற பகுதியின் பெயர் பீக் மாவட்டம். 1951இல் பிரித்தானியாவின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட நிலம். பூங்கா என்றதும் வேலியிட்ட தோட்டத்தை எண்ண வேண்டா. ஏறத்தாழ 1,438 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஊர்களும் பண்ணைகளும் ஆட்டு மந்தைகளும் கல்லுடைக்கும் குழிகளும் அடங்கிய நாடு அது. தெற்கே சுண்ணாம்புக் கல். வடக்கே கருமை தோய்ந்த மணற்கல். நிலத்தடியில் எந்தக் கல் இருக்கிறது என்பதை வயல்வரப்பே சொல்லிவிடும். சாந்து பூசாமல் கல்லின்மேல் கல் அடுக்கிய சுவர்களே அங்கு வரப்பு. இருபுறமும் முகக்கல் வைத்து, நடுவில் பொடிக்கல் நிரப்பி, இடையிடையே இருபுறமும் பிடித்து நிற்கும் நீளக்கல்லை இடுகிறார்கள். தெற்கே வெளிர்சாம்பல் நிறத்தில் ஓடும் சுவர், ஒரு மேட்டைக் கடந்ததும் பழுப்பாகிவிடும்.

ஆஷ்போர்ன் என்னும் சிற்றூரில் எனக்கு ஒரு வண்டியை வாடகைக்கு எடுத்தோம். மின்விசையுடன் கூடிய வண்டியே நல்லது என்றான் மருமகன். கடைக்காரப் பெண்ணும் என் நரைத்த மீசையைப் பார்த்து அதனையே வழிமொழிந்தாள். நான் மறுத்துவிட்டேன். இரண்டாம் நாள் நண்பகலுக்குள் அந்தப் பெண்ணின் அறிவுக்கூர்மையை நான் மனத்துக்குள் பலமுறை வாழ்த்தினேன் என்பது வேறு செய்தி.

முதல் நாள் பயணம் எளிது. ஆஷ்போர்னிலிருந்து பார்சிலி ஹே வரை பதின்மூன்று மைல் தொலைவுக்குப் பழைய இருப்புப்பாதையின் தடத்தையே மிதிவண்டிப் பாதையாக்கியிருக்கிறார்கள். தண்டவாளத்தை 1960களில் பெயர்த்தெடுத்த பின் 1971இல் திறக்கப்பெற்றது. நீராவி எஞ்சின் ஏற இயலாத சரிவை இருப்புப்பாதை ஏற்காது. ஆதலால் நாள் முழுதும் ஏறினாலும் ஏறுவது தெரியாது. அந்த நாட்டில் மிதிவண்டிக்காரர்களுக்கு ஒரு தனி வரலாறு உண்டு. அவர்களுடைய சுற்றுலாச் சங்கம் 1878இலேயே யார்க்ஷயரின் ஹாரகேட் நகரில் தோன்றிவிட்டது. இன்றும் வேறு பெயரில் அது இயங்குகிறது. குதிரை செல்லும் ஒற்றையடிப் பாதைகளில் மிதிவண்டியும் செல்லலாம் என்னும் உரிமையை 1968ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுக்கு அளித்தது. நடப்பவருக்கும் குதிரைக்கும் வழிவிட வேண்டும் என்பது நிபந்தனை. சட்டத்தில் உள்ள அந்தப் பணிவு எனக்குப் பிடித்திருந்தது.

இருப்புப்பாதையை விட்டு ஊர்ச்சாலைக்குள் இறங்கிய பின்புதான் சாலையின் உண்மையான குணம் தெரிந்தது. அந்நாட்டு நில அளவைத் துறையின் வரைபடத்தில் செங்குத்தான சாலைகளுக்கு அம்புக்குறி இடுவார்கள். ஏழு அடிக்கு ஓரடி வீதம் ஏறினால் ஒற்றை அம்பு. ஐந்து அடிக்கு ஓரடியோ அதனினும் மிகையோ ஏறினால் இரட்டை அம்பு. மருமகன் மாலைதோறும் வரைபடத்தை விரித்து விரலால் வழியைத் தடவிக்கொண்டே போவான். இரட்டை அம்பு வருமிடத்தில் விரல் சற்றே நிற்கும். என் முகத்தைப் பார்க்கும். "இறங்கித் தள்ளலாம் மாமா, அதில் இழுக்கு இல்லை" என்பான். தள்ளினேன். வண்டியைத் தள்ளிக்கொண்டு ஏறும்போதுதான் வேலியோரத்துக் கருப்பழமும், சுவரிடுக்கிலிருந்து எட்டிப்பார்க்கும் குருவியும், தன் மூச்சின் ஓசையும் ஒருவனுக்குக் கிட்டுகின்றன. இரு தலைமுறைக்கு முன் நம் ஊர்களில் எல்லாரும் நடந்த நடை அது.

ஊர்களைப் பற்றி ஒரு சொல். மோனியாஷ், ஓவர் ஹாடன் போன்ற ஊர்கள் கண்ணுக்கு மிக அழகியவை. கல் வீடு, பசும்புல் திடல், ஒரு விடுதி, ஒரு கோயில், சிவப்புத் தொலைபேசிக் கூண்டு. தொலைபேசி போய்விட்ட பல கூண்டுகளுக்குள் இன்று மாரடைப்புக்கு உதவும் மின்கருவியோ, இரவல் நூல்களோ இருக்கின்றன. ஆனால் நண்பகலில் அவ்வூர்த் தெருக்களில் குழந்தைகளின் குரலை நான் கேட்கவில்லை. வீடுகள் பல விடுமுறைக்கு வருவோருக்கு உரியவை. அங்கே பிறந்த இளைஞர் அந்த விலைக்கு வீடு வாங்க இயலாது. எழில் மிகுந்த ஊர் தன் மக்களையே வெளியேற்றுகிறது. எங்கள் படுகையிலும் ஊர்கள் வெறிச்சோடுகின்றன. அங்கே காரணம் தண்ணீர், இங்கே காரணம் அழகு. கோயில்கள் மட்டும் பூட்டப்படாமல் இருந்தன. உள்ளே ஆளில்லை. பின்புறம் ஒரு மேசைமேல் தேநீருக்குரிய பொருளும் பிஸ்கட்டும் உண்டியலும் வைத்து, வழிப்போக்கர் எடுத்துக்கொள்ளுமாறு எழுதி வைத்திருந்தார்கள். இந்த ஒரு வழக்கத்தை நம் பங்குகளும் மேற்கொள்ளலாம் என்று தோன்றிற்று.

இரண்டாம் நாள் பேக்வெல் ஊரிலிருந்து மான்சல் பாதையில் சென்றோம். அதுவும் 1968இல் மூடப்பட்ட இருப்புப்பாதையே. வை ஆற்றின் பள்ளத்தாக்கைப் பாலங்களாலும் குகைவழிகளாலும் கடக்கிறது. அடைபட்டுக் கிடந்த குகைவழிகளை 2011ஆம் ஆண்டு மே மாதம் விளக்கிட்டுத் திறந்தார்கள். நானூறு மீட்டருக்கும் மேற்பட்ட நீளமுடைய குகைக்குள் ஆகஸ்ட் வெயிலிலிருந்து நுழைந்தபோது, ஈரக் குளிர் கழுத்தைத் தொட்டது. ஒரு குகை முடிந்து வெளிச்சம், மீண்டும் ஒரு குகை. கீழே ஆற்றங்கரையில் லிட்டன் நூற்பாலையின் கட்டடம் இன்று குடியிருப்பாக நிற்கிறது. அங்குதான் ஏழையர் காப்பகங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட சிறார் நூல் நூற்றனர். அவர்களுள் ஒருவனான ராபர்ட் பிளின்கோ பட்ட அடியும் பசியும் 1832இல் நூலாக வெளிவந்து நாட்டின் மனச்சான்றைக் குத்திற்று. இத்தகைய ஆலைகளின் மலிவு நூலே பின்னர் நம் நெசவாளர் தறிகளை ஓயச் செய்தது என்று பள்ளியில் பாடம் நடத்தியிருக்கிறேன். அந்நூலை நூற்ற கைகளும் பட்டினி கிடந்த குழந்தைக் கைகள் என்பதை மாணவர்க்கு யாரும் சொல்வதில்லை. அங்கே இப்போது வாத்துகள் நீந்துகின்றன.

அன்றிரவு டைட்ஸ்வெல் ஊரில் தங்கினோம். பதினான்காம் நூற்றாண்டில் எழுந்த அதன் கோயிலைப் பீக் நாட்டின் பேராலயம் என்று அழைப்பது வழக்கம். மறுநாள் காலை, மருமகன் வரைபடத்தில் விரலை வைக்காமலேயே, "இன்று ஈம் போகிறோம்" என்றான்.

ஆங்கிலத்தில் வேறுவிதமாக எழுதினாலும் அவ்வூர்ப் பெயரை 'ஈம்' என்றே ஒலிக்கிறார்கள். ஈமம் என்னும் நம் சொல் என் செவியில் விழுந்தது. அவனுக்கும் விழுந்திருக்க வேண்டும். இருவரும் அதைச் சொல்லவில்லை.

1665ஆம் ஆண்டு இலண்டனில் கொள்ளைநோய் பரவியிருந்த வேளை, அவ்வூர்த் தையற்காரருக்கு அங்கிருந்து துணிமூட்டை ஒன்று வந்தது. ஈரத் துணியைப் பிரித்துக் கணப்பருகே உலர்த்திய உதவியாளர் ஜார்ஜ் விக்கர்ஸ் செப்டம்பர் 7ஆம் நாள் இறந்தார். துணியில் தெள்ளுப்பூச்சி இருந்தது என்பது பிற்காலத்தார் கூறும் காரணம். பனிக்காலத்தில் தணிந்த நோய் மறு ஆண்டுக் கோடையில் சீறி எழுந்தது. அப்போது ஆங்கிலத் திருச்சபையின் பங்குக் குருவாக இருந்தவர் இருபத்தெட்டு வயதே ஆன வில்லியம் மாம்பசன். அவருக்கு முன் அவ்வூரில் போதித்த தாமஸ் ஸ்டான்லி, 1662இல் அரசின் வழிபாட்டுச் சட்டத்துக்கு இணங்க மறுத்துப் பதவி இழந்தவர். மக்கள் நம்பியது பழையவரை. அதிகாரம் இருந்தது புதியவரிடம். எதிரெதிர் அணியில் நின்ற இருவரும் ஒன்றாக நின்று ஊராரிடம் மூன்று வேண்டுகோள் வைத்தனர். இறந்தோரைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொணராமல் அவரவர் வீட்டாரே அவரவர் நிலத்தில் புதைக்க வேண்டும்; வழிபாடு கோயிலுக்குள் அன்றித் திறந்த பள்ளத்தாக்கில் நடைபெற வேண்டும்; ஊர் எல்லையை யாரும் தாண்டலாகாது. சாட்ஸ்வர்த் மாளிகையின் டெவன்ஷயர் பிரபு உணவு அனுப்பினார். எல்லையில் வைக்கப்பட்ட உணவுக்கு உரிய காசைக் காடி ஊற்றிய கற்குழியிலும் ஓடும் நீரிலும் இட்டு வைத்தனர். 1666 நவம்பர் முதல் நாளில் நோய் ஓய்ந்தபோது 260 பேர் மறைந்திருந்தனர். மாம்பசனின் மனைவி கேத்தரினும் அவர்களுள் ஒருவர்; ஆகஸ்ட் 25ஆம் நாள் இறந்தார்.

நாங்கள் சென்றபோது கேத்தரினின் கல்லறைமீது பூக்கள் இருந்தன. வீடுகளின் முன்னே இறந்தோர் பெயர்ப்பட்டியல் தாங்கிய பலகைகள். ஈரக் களிமண் பூசிய மரப்பலகையில் மலரிதழ்களை ஒவ்வொன்றாக அழுத்திச் சித்திரம் ஒப்பனை செய்து ஊர் நீர்நிலைகளின் அருகே வைப்பது அந்த நாட்டு வழக்கம். ஈமில் அது ஆகஸ்ட் இறுதியில் நிகழும். அவ்விதழ்கள் ஒரு வாரத்தில் வாடிவிடும் என்று தெரிந்தே செய்கிறார்கள்.

ஊரின் கிழக்கே அரைமைல் மேட்டில், வயல் நடுவே வட்டச் சுவருக்குள் ஏழு கற்கள் இருக்கின்றன. ரைலி கல்லறைகள் எனப்படும் அவ்விடத்தில் எலிசபெத் ஹான்காக் என்னும் தாய் ஆகஸ்ட் 3 முதல் 10 வரை எட்டு நாள்களில் தன் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் தனியாகப் புதைத்தாள். உதவிக்கு வருவார் இல்லை; வரலாகாது என்பதே ஊரின் உறுதி. பிழைத்திருந்த ஒரு மகன் தொழில் பழக ஷெஃபீல்டு நகரில் இருந்தான் என்றும், எல்லாம் முடிந்தபின் அவள் அவனிடம் சென்றாள் என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது.

வண்டிகளைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றோம். எதிர்மலையில் ஊதா நிறத்தில் ஹெதர்ச் செடி பூத்திருந்தது.

"இந்தப் பங்குக் குரு தம் பிள்ளைகளை மட்டும் முன்பே யார்க்ஷயருக்கு அனுப்பிவிட்டார், தெரியுமா மாமா?" என்றான் மருமகன்.

தெரியும் என்றேன். மனைவியைத் தன்னுடன் இருத்திக்கொண்டார், இழந்தார் என்பதையும் சொன்னேன்.

"வசதியுள்ளவர்கள் முன்னரே போய்விட்டார்கள். போக இடமில்லாதவர்கள்தான் தியாகிகள் ஆனார்கள்."

அவன் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஊராருக்கு உண்மையிலேயே தேர்வு இருந்ததா என்று வரலாற்றாய்வாளர் சிலர் வினவுகின்றனர். 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அவ்வூர் இறப்புப் பதிவைக் கணக்கிட்டு, ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நோய் மனிதரிடமிருந்து மனிதருக்கே தொற்றியது என்று கூறிற்று. அங்ஙனமாயின் ஊரை அடைத்தது அயலாரைக் காத்திருக்கலாம். உள்ளிருந்தோரைக் கொன்றும் இருக்கலாம். ஆயினும் அவர்களுடைய உறுதியைச் சிறிதாக்க என் மனம் ஒப்பவில்லை. நிர்ப்பந்தமும் மனமுவந்த கொடையும் ஒரே நெஞ்சில் கலந்திருக்கக் கூடாதா? தாய்மார் அப்படித்தானே வாழ்கிறார்கள்?

இதைச் சொன்னேன். அவன் கற்களைப் பார்த்தபடியே பேசினான்.

"எங்கள் பிரிவில் உறவினரை உள்ளே விடக்கூடாது என்பது ஆணை. கதவை மூடுகிறவன் நான். கண்ணாடிக்கு அப்பால் பிள்ளைகள் நிற்பார்கள். உள்ளே கையுறையோடு அவர்களுடைய அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருப்பதும் நான்தான். எத்தனை பேர் என்று ஒரு கட்டத்தில் எண்ணுவதை விட்டுவிட்டேன்." சற்று நிறுத்தினான். "ஷெஃபீல்டில் இருந்த அந்த மகனிடம் அவள் என்ன சொல்லியிருப்பாள்? எல்லாவற்றையும் சொல்லியிருப்பாளா?"

நான் விடை சொல்லவில்லை.

"அம்மாவை யார் மாமா குழியில் இறக்கினார்கள்? படம் நின்றுவிட்டது. அதன்பின் நான் கேட்கவில்லை. நீங்களும் சொல்லவில்லை."

நான் சொன்னேன். மருத்துவமனையிலிருந்து உறையிட்டு மூடிய உடல் வந்தது. குருவானவர் இருபதடி தள்ளி நின்று செபித்தார். நானும் அவனுடைய தங்கையும் கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம் நின்றோம். நம்மவருள் நெருங்க யாருக்கும் துணிவில்லை. இறக்கியவர்கள் நான்கு இளைஞர்கள், இஸ்லாமியர், நோயால் இறந்தோரை அடக்கம் செய்யத் தாமே முன்வந்தவர்கள். அன்று அவர்களுக்கு அது ஐந்தாவது உடல் என்று வண்டி ஓட்டி வந்தவர் சொன்னார். கயிற்றைப் பிடித்தவன் ஒருவன் திரும்பி, "அம்மா பேர் என்னங்க?" என்று உரக்கக் கேட்டான். நான் சொன்னேன். அவன் அந்தப் பெயரைத் தன் தோழர்களுக்குச் சொன்னான். பிறகு மெதுவாக, தலைப்பக்கம் இடியாமல் இறக்கினார்கள். மண்ணை அவர்களே தள்ளினார்கள். கடைசியில் ஒரு கைப்பிடி மண்ணைச் சுவரோரம் கொண்டுவந்து வைத்துவிட்டு விலகி நின்றான் ஒருவன். நாங்கள் எடுத்துப் போடும் வரை காத்திருந்தான்.

மருமகன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "பெயரைக் கேட்டானா?" என்றான்.

"கேட்டான்."

"நாங்களும் கேட்போம்" என்றான். சுவரில் சாய்ந்திருந்த என் வண்டியை எடுத்துத் திருப்பி என்னிடம் தந்தான்.

மீண்டும் ஊருக்குள் வந்து, வடக்கே செல்லும் செங்குத்துச் சாலையில் ஏறினோம். ஏறினோம் என்பது மரியாதைக்கு. முழுதும் தள்ளினோம். மேலே மாம்பசன் கிணறு எனப்படும் சிறு ஊற்று கல் மூடியுடன் இருக்கிறது. காசு நீரில் கிடந்த இடம் அது. அவன் தன் தாயைப் பற்றிக் கேட்டுக்கொண்டே வந்தான்: கடைசி வாரத்தில் என்ன சாப்பிட்டாள், எந்தச் சேலை, தங்கை என்ன சொன்னாள். மூன்று ஆண்டுகளாகக் கேளாதவற்றை மூச்சிரைக்க ஏறும் வழியில் ஒவ்வொன்றாகக் கேட்டான். எனக்கும் மூச்சிரைத்தது, ஆதலால் விடைகள் சுருக்கமாகவே அமைந்தன. அது நல்லதாகவே இருந்தது.

அந்த மேட்டிலிருந்து கிரைண்டில்ஃபோர்டு வரை சாலை நேர்கோடாக விழுகிறது. கீழே இருப்புப்பாதை நிலையத்தின் அருகில்தான் 1588இல் இரு கத்தோலிக்கக் குருக்கள் பிடிபட்ட பாட்லி மாளிகையின் எஞ்சிய சிற்றாலயம் உள்ளது. நெடுங்காலம் மாட்டுத் தொழுவமாகக் கிடந்து, 1930களில் மீட்கப்பெற்றது. அதைப் பார்த்துவிட்டு ஷெஃபீல்டு செல்லும் தொடர்வண்டியைப் பிடிப்பதாகத் திட்டம். இறக்கத்தின் தலைப்பில் மருமகன் குனிந்து என் வண்டியின் இரு பிரேக்குக் கட்டைகளையும் அழுத்திப் பார்த்தான். "பின் பிரேக்கை முதலில் பிடியுங்கள் மாமா. விட்டு விட்டுப் பிடியுங்கள். நான் முன்னால் போகிறேன், வளைவில் நிற்பேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினான். சொன்னபடியே முதல் வளைவில், ஒரு காலைச் சுவரில் ஊன்றி, மேல்நோக்கிப் பார்த்தபடி நின்றிருந்தான்.